மாடி அறையில் ஓர் ஆகாய விமானம்

"உடனே புறப்பட்டு வா. உன் அத்தான் மாடியிலே ஆகாய விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார்" என்று என் தமக்கை தொலைபேசியில் சொன்னபோது, மாடியில் ஏதோ பட்டம் விடுகிறார் போலும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இது நடந்தது 2021-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில். ஊரெல்லாம் நோய்க்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். அப்போது மனிதர்கள் என்னென்னவோ செய்தார்கள். என் சிநேகிதர் ஒருவர் சமஸ்கிருதம் படித்தார். இன்னொருவர் தாடி வளர்த்தார். எனவே, எழுபதை நெருங்கும் அத்தான் பட்டம் விட்டால் என்ன மோசம் என்று கேட்டேன்.

"பட்டம் இல்லையடா! விமானம்! உட்காருவதற்கு ஸீட்டு எல்லாம் வைத்துக் கட்டுகிறார். நீ வந்து இரண்டு வார்த்தை புத்தி சொல்லு. நாவல் எழுதுகிறவன் சொன்னால் கேட்பார்."

நாவல் எழுதுகிறவன் சொல்லி யாரும் எதையும் கேட்டதாக எனக்கு அநுபவம் இல்லை. இருந்தாலும், கூடப் பிறந்தவள் கூப்பிடும்போது போகாமல் இருக்க முடியுமா? மயிலாப்பூரிலிருந்து பம்மலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அக்காவின் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை, ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகக் கிடக்கிறது. காற்று கிழக்கிலிருந்து வீசும் நாட்களில், இறங்கவரும் விமானங்கள் பம்மல் பக்கமாகத்தான் தாழ வரும். அக்கா வீட்டு மொட்டைமாடியில் வடாம் காயவைத்தால், அதற்குக் காக்கை காவலோடு விமானக் காவலும் வேண்டுமோ என்று தோன்றும். நாற்பது வருஷமாக அந்த இரைச்சலுக்கு நடுவில் குடித்தனம் செய்த அக்காவுக்கு விமானம் என்றாலே கசப்பு. அத்தானுக்கோ நேர்மாறு. தலைக்கு மேல் ஒன்று போனால், சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார்.

அக்கா என்னைச் சமையலறையில் உட்காரவைத்துக் குற்றப் பத்திரிகை வாசித்தாள். முதல் குற்றம்: பெண் கல்யாணமாகிப் போன பிறகு காலியாக இருந்த மாடி அறையைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. இரண்டாவது: இதுவரை அறுபதாயிரம் ரூபாய் செலவு. மூன்றாவதுதான் பெரிது. "சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டால், 'இரு, இன்னும் ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறேன்' என்கிறார். கீழே ரசம் ஆறிப் போகிறது!"

வழக்கை இரு தரப்பிலும் கேட்பதே தர்மம் என்று மாடிக்குப் போனேன்.

"வா, மாப்பிள்ளை! அக்கா அனுப்பினாளா?" என்றார் அத்தான், தலையைத் திருப்பாமலே. "அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு."

அறையின் நடுவில் பிளைவுட்டால் செய்த ஒரு பெட்டி. அதற்குள் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய மோட்டார் கார் ஸீட்டுகள் இரண்டு. எதிரே மூன்று திரைகள், கண்ணாடி ஜன்னல் போல வளைத்து வைக்கப்பட்டிருந்தன. கீழே பலகையில் வட்ட வட்டமாகத் துளைகள். சிலவற்றில் முள்ளும் எண்ணும் கொண்ட முகங்கள், சிலவற்றில் ஒன்றுமில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ரிச்சி தெருவையே அவிழ்த்துக் கொட்டியதுபோல் நிறம் நிறமாகக் கம்பிகள்.

அத்தான் ஒரு சர்க்கரை ஆலையில் மின்சாரப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். அவர் கட்டிய கம்பி ஒன்றோடொன்று சிக்காது. ஒவ்வொன்றிலும் சிறு காகிதத்தில் எண் எழுதி ஒட்டியிருந்தார்.

"இது செஸ்னா 172" என்று விளக்கினார். "ஒற்றை என்ஜின், நாலு பேர் போகிற விமானம். 1955-இல் முதன் முதலாகப் பறந்தது. இதுவரை நாற்பத்து நாலாயிரத்துக்கும் மேலே செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. பெரிய ஜெட் கட்ட எனக்கு ஆசைதான். ஆனால் ஜெட்டுக்கு நூற்றுக்கணக்கான ஸ்விட்ச். உன் அக்கா என்னை வீட்டை விட்டே அனுப்பிவிடுவாள்."

விமானத்தைத் திருப்பும் பிடியை யோக் என்கிறார்கள். பாதி வெட்டிய ஸ்டியரிங் மாதிரி இருக்கும். அதைத் திருப்பினால் விமானம் சாயும். இழுத்தால் மூக்கு தூக்கும். தள்ளினால் மூக்கு தாழும். அத்தான் அதைக் கடையில் வாங்கவில்லை. மேஜை டிராயருக்குப் போடும் சானலின் மேல் ஒரு இரும்புக் குழாயை வைத்து முன்னும் பின்னும் ஓடும்படி செய்திருந்தார். விட்டால் நடுவுக்கு வருவதற்குப் பழைய சைக்கிள் டியூப். குழாயின் அசைவை ஒரு பொட்டென்ஷியோமீட்டர் அளக்கிறது. பயப்படாதீர்கள், பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அந்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் சாமான்தான். அது காட்டும் மின் அழுத்தத்தை ஆர்டுயினோ என்ற உள்ளங்கை அகலச் சில்லு, பூஜ்யம் முதல் 1023 வரை ஓர் எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பார்த்து, திரையிலுள்ள விமானத்தைச் சாய்க்கிறது.

"இதெல்லாம் குழந்தை விளையாட்டு இல்லையா, அத்தான்?" என்று, அக்கா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்.

"ஆமாம், முதலில் விளையாட்டுத்தான்" என்று அவர் ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் பிங்காம்ப்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அவருடைய தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கோ பறக்கும் ஆசை. கற்றுக்கொள்ள ஆகும் செலவோ அதிகம். ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்திகளை எடுத்து, ஒரு மரப்பெட்டியின் அடியில் பொருத்தி, உள்ளே உட்கார்ந்து பிடியை அசைத்தால் பெட்டியும் சாய்ந்து நிமிரும்படி 1929-இல் செய்து முடித்தார். விமானப் பயிற்சிக்கென்று செய்ததை அப்போது வாங்கினவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் ஆடும் குதிரை மாதிரி.

1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகளுக்குத் தபால் கொண்டுபோகும் வேலை வந்தது. மேகத்திலும் பனியிலும் வெளியே ஒன்றும் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க அவர்களில் பலருக்குப் பழக்கமில்லை. சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விபத்துகள். விமானிகள் பலர் இறந்து போனார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறு வாங்கிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் அந்த நீலப் பெட்டிகளில் பயின்றவர்கள் ஐந்து லட்சம் பேர் என்கிறார்கள்.

"ஆர்கன் துருத்தி, மாப்பிள்ளை! நான் சைக்கிள் டியூப் போட்டால் மட்டும் குற்றமா?" என்றார் அத்தான்.

புத்தி சொல்ல வந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வாதம் இருக்கிறது? "உட்கார்" என்றார். உட்கார்ந்தேன்.

மீனம்பாக்கத்திலிருந்து கிளப்பினேன். அதாவது, அவர் கிளப்பினார், நான் பிடித்துக்கொண்டேன். மூக்கு மேலே போயிற்று, தள்ளினேன். அதிகம் தாழ்ந்தது; இழுத்தேன். அதைவிட அதிகம் ஏறிற்று. இப்படி ஏற்றமும் இறக்கமுமாகக் கிண்டி வரைக்கும் போனேன். அதற்குள் என் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"ஏன் அதன் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறாய்?" என்றார் அத்தான். பிறகு, ஸீட்டுகளுக்கு நடுவே பலகையின் கீழே பாதி வெளியே தெரிந்த ஒரு சிறு சக்கரத்தைக் காட்டினார். அதற்கு டிரிம் என்று பெயர். விமானம் எந்த வேகத்தில் நிதானமாகப் பறக்க வேண்டுமோ, அதற்குத் தக்கபடி அந்தச் சக்கரத்தைத் திருகி வைத்துவிட்டால், பிடியிலிருந்து கையை எடுத்துவிடலாம். விமானம் தன்பாட்டுக்குப் பறக்கும். சிறு காற்றில் ஆடினாலும் தானே நிலைக்கு வரும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் முதல் தப்பு, இரண்டு கையாலும் இறுகப் பிடிப்பதுதானாம். "இரண்டு விரல் போதும். விமானத்துக்குப் பறக்கத் தெரியும். நீ கெடுக்காமல் இருந்தால் சரி."

குடும்பம் நடத்துவதற்கும் இது பொருந்துமே என்று எனக்குத் தோன்றிற்று. கீழே போய் அக்காவிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அன்று அக்கா எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்தாள். எனக்கு டம்ளர் நிறைய, பிற்பாடு அத்தானுக்கும் நிறைய. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அப்புறம் நான் மாதம் ஒரு தடவையாவது பம்மலுக்குப் போவது வழக்கமாயிற்று. புத்தி சொல்வதற்குத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறியிருக்கும். ஒரு மாதம் காலால் மிதிக்கும் பெடல். அடுத்த மாதம் ஸீட்டின் அடியில் ஒரு ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்து, என்ஜின் ஓடும்போது முதுகெலும்பு அதிரும்படி செய்திருந்தார். இந்த வியாதிக்கு மருந்து கிடையாது. வீட்டில் ஒரு சுவருக்கு வெள்ளையடித்தால் பக்கத்துச் சுவர் அழுக்காகத் தெரியுமல்லவா? அப்படித்தான். நல்ல யோக் வந்ததும் பழைய பெடல் பொம்மையாகத் தெரிந்தது. புதுப் பெடல் வந்ததும் திரை சிறியதாகத் தெரிந்தது. 2020-ஆம் வருஷத்து மென்பொருள், செயற்கைக் கோளும் விமானமும் எடுத்த படங்களை வைத்து உலகம் முழுவதையும் திரையில் விரிப்பது. அதற்கு ஈடு கொடுக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு புதுப் பலகை தேவைப்பட்டது. 2024 நவம்பரில் அதற்கும் அடுத்தது வந்தபோது, அக்காவே "இன்னும் எவ்வளவு?" என்று அலுத்துக் கேட்டாள்.

ஒரு நாள் சிகாகோவுக்குப் பறந்தார். பழைய மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்டு என்று ஒரு சிறு விமான நிலையம். மைக்ரோஸாஃப்ட் கம்பெனி 1982-இல் வெளியிட்ட முதல் விமான விளையாட்டில், விளையாடுகிறவன் புறப்படும் இடம் அதுதான். இருபது வருஷம் அப்படியே இருந்தது. 2003 மார்ச்சில் ஓர் இரவு, நகர மேயரின் உத்தரவுப்படி அந்த ஓடுபாதையைக் கொத்திப் போட்டுவிட்டார்கள். இப்போது அங்கே பூங்கா இருக்கிறது. அத்தான் மெதுவாக இறக்கி, ஓடுபாதையின் ஓரத்தில் நிறுத்தினார்.

"இல்லாத ஊரில் இறங்கியிருக்கிறோம்" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கும் அப்படி ஒன்று உண்டு" என்றார்.

ஸீட்டின் பின்னாலிருந்து ஒரு பழைய காகித உறையை எடுத்துக் கொடுத்தார். 1973-இல் விமானப் பயிற்சிக்காக வாங்கிய விண்ணப்பப் படிவம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி மூன்றும் நீல மையில் நிரப்பியிருந்தன. நான்காவது வரியிலிருந்து ஒன்றுமில்லை. "நாலாவது வரி எழுதுகிறபோது ஊரிலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்குக் கைகால் விழுந்துவிட்டது. இரண்டு தங்கைகள். அப்புறம் சர்க்கரை ஆலை" என்று சொல்லி, உறையை வாங்கி மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிட்டார். நாற்பது வருஷம் அவரோடு பழகியும் எனக்கு இது தெரியாது. அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவளிடம் சொன்னால், அவளைக் கட்டிக்கொண்டதனால்தான் போகவில்லை என்று நினைத்துக்கொள்வாள். கல்யாணம் 1979-இல்தானே" என்றார்.

போன வருஷம் ஆரம்பத்தில் நான் போனபோது அத்தான் நல்ல மனநிலையில் இல்லை. இரண்டு புகார்கள். ஒன்று, அக்கா இன்னும் கோபமாக இருக்கிறாள். காபியை முக்கால் டம்ளர்தான் தருகிறாள். கேட்டால் "உடம்புக்கு இது போதும்" என்கிறாள். இரண்டாவது, யோக் கெட்டுப் போயிற்று. இறங்கும்போது விமானத்தின் மூக்கு ஒரு நிலையில் நிற்கவில்லை, படபடவென்று அடித்துக்கொள்கிறது.

"பாட் தேய்ந்துவிட்டது" என்றார். பொட்டென்ஷியோமீட்டருக்குள் ஒரு கரித்தடமும், அதன் மேல் உராய்ந்து ஓடும் ஒரு சிறு உலோக நாக்கும் இருக்கின்றன. தூசி சேர்ந்தாலோ, தடம் தேய்ந்தாலோ எண் தாறுமாறாகக் குதிக்கும். பழைய ரேடியோவைத் திருகினால் கரகரக்குமே, அதே காரணம்தான். இதற்கு நிரந்தரப் பரிகாரம் ஹால் சென்ஸர். எட்வின் ஹால் என்பவர் 1879-இல் கண்டுபிடித்த தத்துவத்தில் வேலை செய்வது. குழாயின் முனையில் ஒரு காந்தம், அதற்கு எதிரே சென்ஸர்; ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொடாததால் தேய்வும் இல்லை. முதலில் எட்வின் லிங்க், இப்போது எட்வின் ஹால், அத்தானுக்கு எட்வின்கள் ராசி என்று நான் வேடிக்கை பேசினேன்.

இரண்டு வாரம் கழித்து அத்தானே தொலைபேசியில் கூப்பிட்டார். "சும்மா வந்துவிட்டுப் போ" என்றார். அவர் அப்படிக் கூப்பிடுகிறவர் அல்ல.

போனபோது மூன்று திரைகளில் நடுத்திரை மட்டும் எரிந்தது. அதில் விமானம் இல்லை. சில்லு சொல்லும் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு கட்டம் இருந்தது. "யோக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இழுத்து நிறுத்து. அசைக்காதே" என்றார். பிடித்தேன். திரையில் கோடு நேராக ஓடிற்று.

"விடு" என்றார். அவர் பிடித்தார். கோட்டில் அலை எழுந்தது. சின்னச் சின்ன அலை; எல்லாம் ஒரே அளவு.

"பாட் கெட்டால் இப்படி இராது, மாப்பிள்ளை. அது தாறுமாறாகக் குதிக்கும். இது தாளம் போடுகிறது. எண்ணிப் பார்த்தேன். ஒரு விநாடிக்கு ஆறு. எந்தச் சாமானும் இப்படி ஒழுங்காகக் கெடாது." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடியில் வைத்ததும் கை அசையாமல் கிடந்தது. "புது சென்ஸர் நல்ல சென்ஸர்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கம் பக்கமாகச் சம்பாஷணை எழுதுகிறவன் நான். ஒரு வார்த்தை வரவில்லை. கீழே இறங்கி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்" என்றாள். "டம்ளரைத் தூக்கும்போது சிந்தும். வேட்டியில் கறை பார்த்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்ப்பார். நிறைய ஊற்றினால்தானே சிந்தும்? அதனால்தான் முக்கால் டம்ளர் கொடுக்கிறேன். கோபம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இது தெரிவதற்கு அது தேவலை."

டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் கையை நீட்டச் சொன்னார். காகிதத்தில் ஒரு சுருள் வட்டம் போடச் சொன்னார். கை சும்மா இருக்கும்போது அடங்கியிருந்து, ஒன்றைப் பிடிக்கும்போது வெளிப்படும் இந்த நடுக்கம் வயதானவர்களுக்குச் சாதாரணமாக வருவதுதான் என்றார். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது நடுங்குமாம். இது அது இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறையும், முற்றும் போகாது என்று உண்மையைச் சொன்னார்.

இனி மாடி அறை பூட்டிக் கிடக்கும் என்றுதான் நான் நினைத்தேன். மென்பொருளில் ஒரு வடிகட்டி இருக்கிறதாமே, அடுத்தடுத்து வரும் எண்களுக்குச் சராசரி எடுத்தால் நடுக்கம் மறைந்துவிடுமாமே என்று, எங்கோ விசாரித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அத்தான் சிரித்தார். "மறையும். ஆனால் நான் இழுத்த பிறகு விமானம் யோசித்து யோசித்து அசையும். அந்தப் பொய் வேண்டாம்" என்றார்.

அவர் செய்தது வேறு. சைக்கிள் டியூபை எடுத்துவிட்டு வலுவான ஸ்பிரிங் போட்டார். குழாயில் ஈயக் கட்டி கட்டிப் பளுவேற்றினார். கம்பளித் துணி ஒட்டிய ஒரு பட்டையைச் சுற்றி, சற்று இறுக்கினார். உண்மையான விமானத்தில் ஓடும் காற்று இறக்கைத் தகடுகளை அழுத்துவதால் பிடி கனக்கும். அத்தானின் யோக் இத்தனை நாளும் பொம்மை மாதிரி லேசாக இருந்ததுதான் தப்பாம். இப்போது சிறு நடுக்கத்துக்கு அது அசைவதில்லை. திரையில் அலை போகவில்லை, தணிந்திருக்கிறது. "இதுதான் நான் செய்ததிலேயே நல்ல திருத்தம்" என்றார்.

ரேடியோ எண்ணைத் திருப்பும் பொடிக் குமிழ்கள் மட்டும் அவர் விரலுக்கு அகப்படவில்லை. அதற்கு வலப்பக்க ஸீட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

போன மாதம் நான் மாடி ஏறியபோது அந்த ஸீட்டில் என் தமக்கை உட்கார்ந்திருந்தாள். கையில் பால் கணக்கு எழுதும் நோட்டு. அதில் அவளே எழுதிக்கொண்ட பட்டியலை மளிகைச் சாமான் வாசிப்பதுபோல் வாசித்தாள்: "பெட்ரோல் குழாய், இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா? மிக்சர் சிவப்புக் குமிழ், உள்ளே தள்ளியாச்சா? பெல்ட்?"

மாமல்லபுரம் வரைக்கும் போய்த் திரும்பி, மேற்கே சுற்றிக்கொண்டு இறங்க வந்தார்கள். வேகமுள் அறுபத்தைந்து நாட்டில் நின்றது. அத்தானின் இடக்கை யோக்கின் மேல் இருந்தது, இரண்டு விரல்தான். வலக்கை டிரிம் சக்கரத்தைத் திருகி வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. திரையில் பம்மல் கூரைகள் தெரிந்தன. "அதோ நம் வீடு!" என்று அக்கா கத்தினாள். "துணிக்கொடி எங்கே?" அந்தச் சமயம் நிஜ விமானம் ஒன்று நிஜக் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போயிற்று. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு ஓடுபாதை எதிரே இருந்தது.

சக்கரங்கள் தரையைத் தொட்டபோது ஒரு தடவை துள்ளிற்று, அப்புறம் நின்றது.

அக்கா கீழே போய்க் காபி கொண்டுவந்தாள். அத்தானுக்கு முக்கால் டம்ளர். அவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.